கோட்டுக்கு மேலே இரண்டு விரல்

அன்பு மகள் தும்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். வேறு யாரும் இல்லை, நானே, என் கையால். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஒரு வரி மேலே ஏறும், அடுத்த வரி கீழே இறங்கும், சில இடத்தில் பேனா அழுந்திக் காகிதம் கிழிந்திருக்கும். போல்ட் இறுக்கிப் பழகிய கை பேனாவையும் ஸ்பேனர் மாதிரியே பிடிக்கிறது என்று நான் போகிற முதியோர் எழுத்தறிவு வகுப்பு டீச்சர் சொல்கிறார். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இந்தக் கடிதத்தை எழுதி முடிக்க நாலைந்து நாள் ஆகும், அதனால் ஒரு இடத்தில் சிரித்தும் ஒரு இடத்தில் கலங்கியும் இருந்தால் அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்காதே, அது வேறு வேறு நாள், அவ்வளவுதான். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சௌக்கியம் என்று தொலைபேசியில் கேட்டாயிற்று, இருந்தாலும் எழுத்தில் கேட்க எனக்கு இப்போதுதான் வாய்த்திருக்கிறது, ஆகவே கேட்கிறேன், சௌக்கியமா? இத்தனை வருடம் உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தையல்காரர் எழுதியவை. அதில் ‘உன் பிரிவால் வாடுகிறேன் என் கண்மணியே’ என்றெல்லாம் இருந்திருந்தால் அது அவர் சொந்தமாக வைத்துத் தைத்த லேஸ். நான் சொன்னது ‘சாப்பிட்டாயா’ என்பது மட்டும்தான்.

சுற்றி வளைக்காமல் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் நீ அம்மாவிடம் பேசியதை அம்மா என்னிடம் சொன்னாள். ஐந்து ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கும் உன்னை மேற்பார்வைக்குப் போடுகிறார்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் காரில் போய்வர வேண்டும், மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள், நீ முடியாது என்று சொல்லப் போகிறாய். மாப்பிள்ளை எவ்வளவோ சொல்லியும் நீ கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே மாட்டேன் என்கிறாயாம். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, “என் கைய நான் நம்பமாட்டேம்மா. ஒருத்திய ஒடச்ச கை இது” என்று சொன்னாயாம். மகளே, இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரை படித்து முடிக்கும் முன்னால் அவர்களுக்கு அந்தப் பதிலைச் சொல்லிவிடாதே. தபால் நிலையத்தில் கேட்டேன், பத்து நாளில் போய்ச் சேரும் என்கிறார்கள், மாதம் முடிய மூன்று வாரம் இருக்கிறது. இதைத்தான் உன்னிடம் கேட்க வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன், ஏன் கேட்கிறேன் என்று இனிமேல் சொல்கிறேன்.

நான் மறுபடியும் சைக்கிள் ஓட்டுகிறேன். அதே பச்சை வண்டி. உடனே தொலைபேசியை எடுக்காதே, மேலே படி. மூட்டு டாக்டரிடம் போனேன், நடந்தால் முழங்கால் தேயும், சைக்கிள் மிதித்தால் நல்லது, நின்ற இடத்தில் மிதிக்கிற சைக்கிள் ஒன்று வாங்கி வையுங்கள் என்றார். நின்ற இடத்திலேயே மிதித்தால் எங்கே போய்ச் சேர்வது டாக்டர் என்று நான் கேட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா, “நீங்க எங்கயும் போய்ச் சேர வேணாம், வீட்டுக்குள்ள இருந்தாலே போதும்” என்று சொல்ல, டாக்டர் சிரித்ததில் மருந்துச் சீட்டில் கிறுக்கல் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பின்னறையில் இஸ்திரி மேசைக்குப் பின்னால் கொக்கியில் தொங்கிய வண்டியைப் பார்த்தேன். மேலே போட்ட பழைய போர்வையை இருபத்திரண்டு வருடமாக யாரும் எடுக்கவில்லை. நீ அதில் பந்தயம் ஓட்டுவதற்கு முன்னால் அது நான் பஸ் பணிமனைக்குப் போன வண்டி என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. கிடாக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டிலும் சுண்டுவிரல் தடிமன் டயருமாக நான் போய் இறங்கினால் வாசலில் இருப்பவர்கள், “டயர் செக்ஷன்காரன் டயரே இல்லாத வண்டில வர்றான் பாரு” என்று கத்துவார்கள். முழுக்க இரும்பு, ஆனால் ஒரு கையால் தூக்கலாம். இப்போது போர்வையை எடுத்தபோது பச்சைப் பெயின்ட் அங்கங்கே உரிந்திருந்ததே தவிர குழாயில் துருவே இல்லை. டயர், டியூப், பிரேக் கம்பி, பிரேக் கட்டை எல்லாம் புதிதாக மாற்றினேன். சங்கிலியை இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன், சமையலறைப் பக்கம் வாடை வருகிறது என்று அம்மா இரண்டு நாளும் திட்டினாள். எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன், ஹேண்டிலைத் தாங்குகிற கழுத்தை மட்டும் தொடவில்லை. அது நான் இறுக்கியது. நான் இறுக்கியதை எதற்குத் தொட வேண்டும்?

முதல் நாள் தெருமுனை வரைக்கும் போய் வந்தேன். அம்மா கேட்டில் நின்றுகொண்டு, “எழுபத்தொரு வயசுல சர்க்கஸா? விழுந்தா நான் தூக்கமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்” என்று சத்தம் போட்டாள், ஆனால் நான் திரும்பி வரும்வரை உள்ளே போகவில்லை. ஐந்தாம் நாள் சந்தை வரை, எட்டாம் நாள் பழைய பணிமனை வாசல் வரை. அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, இன்னும் அவ்வளவு வார்த்தை எழுத வராது. ஒன்று மட்டும் சொல்கிறேன், முன்பு அந்தத் தெருக்களில் கடைகள் இருந்தன, இப்போது பெயர்கள் இருக்கின்றன. நான் மிதித்துக்கொண்டே ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டு போனேன். முப்பது வருடமாக முடி வெட்டிக்கொள்ளும் கடைக்கு ‘நிலா’ என்று பெயராம், அந்த மொட்டைத்தலையர் கடைக்கு! வாய்விட்டுச் சிரித்ததில் நின்றிருந்த வேனில் இடிக்கப் பார்த்தேன். சிரிப்பு இந்தப் பக்கத்தோடு முடிகிறது தும்பி. இனிமேல் எழுதப்போவது எனக்குக் கஷ்டமானது.

பன்னிரண்டாம் நாள் தண்ணீர்த்தொட்டி மேட்டில் ஏறினேன். ஏறும்போது ஹேண்டிலை இழுத்து இழுத்து மிதிக்க வேண்டியிருந்தது, உச்சிக்குப் போனதும் மூச்சு வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கினேன். வேகம் பிடித்துவிட்டது. கீழே சாலை இடது பக்கம் வளைகிறது, நேரே ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் இடது பக்கம் திருப்பினேன். ஹேண்டில் திரும்பியது, சக்கரம் திரும்பவில்லை. கையில் ஹேண்டில் இடது பக்கம் இருக்கிறது, கண் முன்னால் சக்கரம் நேராகப் போகிறது. பிரேக்கைப் பிடிக்கக்கூடத் தோன்றவில்லை, அந்த ஒரு நொடியில் மனிதனுக்கு ஒன்றுமே தோன்றாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அங்கே கொட்டி வைத்திருந்த மணல் குவியலில் போய்ச் செருகி, வண்டி ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாக விழுந்தேன். சாரத்தின் மேல் நின்ற கொத்தனார், “பெரியவரே, பறக்கிறதா இருந்தா சொல்லிட்டுப் பறங்க” என்றார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை, இதை நான் மறைக்கவில்லை, அம்மாவைக் கேட்டுக்கொள். ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. கொத்தனார் இறங்கி வந்து காலைப் பிடித்துப் பார்த்து, எலும்பு ஏதாவது போய்விட்டதா என்று கேட்டார். அவர் குரல் எனக்கு எங்கோ தூரத்தில் கேட்டது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் சைக்கிள் கிளப் ஹாலில் நீ பேசிய குரல்தான் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த ஹால் உனக்கு மறந்திருக்காது. நீளமான மேசை, எதிரே உனக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டரும் செயலாளரும் இன்னும் மூன்று பேரும். உனக்குப் பதினாறு வயது, தாடையில் கட்டுப் போட்டிருந்தாய். பந்தயத்தில் நீ மோதிய பெண் தோள் எலும்பு இரண்டாக முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். “நான் திருப்பினேன் மாஸ்டர். ஹேண்டில் திரும்பிச்சு, சக்கரம் திரும்பல” என்று நீ மூன்று தரம் சொன்னாய். மாஸ்டர் என்னைப் பார்த்து, வண்டியைப் பார்த்தது நீங்கள்தானே, கழுத்து சரியாக இருந்ததா என்று கேட்டார். நான் எழுந்து நின்று, “நான் இறுக்கினது மாஸ்டர். எமனே வந்து ஆட்டினாலும் ஆடாது” என்றேன். விழுந்தபின் வண்டியில் ஹேண்டில் கோணிக்கிடந்ததே என்று ஒருவர் கேட்டதற்கும், அது விழுந்ததில் கோணியது என்று நானே சொன்னேன். அதைச் சோதித்துப் பார்க்க அவர்களுக்கு வழியும் இல்லை, ஏனென்றால் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே, யாரும் பார்ப்பதற்கு முன்னால், நான் அதை நேராக்கி மறுபடியும் இறுக்கி வைத்துவிட்டேன். மறைக்க வேண்டும் என்று அல்ல, கோணலாக இருப்பதைப் பார்த்தால் நேராக்குவது என் கைப்பழக்கம். முப்பத்தொரு வருடம் பணிமனையில் நான் இறுக்கிய ஒரு சக்கரமும் வழியில் கழன்றதில்லை, அந்தப் பேரைத்தான் அன்றைக்கு நான் மேசை மேல் வைத்தேன். மாஸ்டர் உன்னிடம், “உங்க அப்பாவே சொல்றாரு, அப்புறம் என்னம்மா?” என்றார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “பயந்துட்டேன் மாஸ்டர், பிரேக்க அழுத்திட்டேன் போல” என்றாய். அதை எழுதிக்கொண்டார்கள். கிளப் பட்டியலிலிருந்து உன் பேரை அடித்தார்கள். அதற்குப் பிறகு நீ வண்டியைத் தொடவில்லை. நான் பொய் சொல்லவில்லை தும்பி, அப்படித்தான் நம்பினேன். ஆனால் பொய் சொன்னவனுக்காவது உண்மை தெரிந்திருக்கும், எனக்கு அதுகூடத் தெரியாது.

வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு கழுத்தின் போல்ட்டைத் தளர்த்தி மேலே ஒரு தட்டுத் தட்டினேன், கழுத்து கையோடு வந்துவிட்டது. இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு சாண் இருக்கும் குழாயில் ஒரு கட்டைவிரல் நீளம்கூட உள்ளே இல்லை, அந்தக் கொஞ்சத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பதாக நடித்துக்கொண்டிருந்தது, குழாய்க்குள் கழுத்தை இறுக்குகிற அந்த ஆப்பு. கிரீஸ் அழுக்கைத் துணியால் துடைத்தேன். நடுவில் சுற்றிலும் ஒரு கோடு வெட்டியிருந்தது, அதன் மேல் பொடி எழுத்தில் ஒரு வரி. வகுப்பில் மாத்திரை அட்டை படிப்பதற்காக ஆங்கிலப் பெரிய எழுத்தும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், எழுத்து எழுத்தாகத் தெரியும், சேர்த்தால் என்ன அர்த்தம் என்று தெரியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டேன். வகுப்புக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. தையல்காரரிடம் காட்டியிருக்கலாம், மருந்துக்கடையில் காட்டியிருக்கலாம், யாரிடமும் காட்டவில்லை. மூன்று நாளும் தாள் சட்டைப்பையில் இருந்தது, சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அம்மா, வாயுவாக இருக்கும் என்றாள்.

ஏனென்றால் அந்தக் கோட்டை நான் முன்பே பார்த்திருந்தேன். இதுதான் நான் உன்னிடம் சொல்ல வேண்டியது. பந்தயத்துக்கு முந்தின வாரம், நீ மளமளவென்று வளர்ந்துவிட்டாய், குனிந்து குனிந்து முதுகு வலிக்கிறது என்றாய். நான் கழுத்தைத் தளர்த்தி மேலே தூக்கினேன். அந்தக் கோடு வெளியே வந்தது. கம்பெனிக்காரன் அழகுக்காகப் போட்ட வேலை என்று நினைத்தேன். கோட்டையே அளவாக வைத்துக்கொண்டு, அதற்கு மேலே இரண்டு விரல் கணக்குப் பார்த்து நிறுத்தினேன். நீ கதவுப்படியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாய். அங்கிருந்தே எட்டிப் பார்த்து, “என்னமோ எழுதியிருக்கேப்பா, என்ன அது?” என்று கேட்டாய். நான் தலையைத் தூக்காமல், “கம்பெனி பேரு” என்றேன். நீயும் சரி என்று மறு காலுக்கு லேஸ் கட்டினாய். உனக்குப் படிக்கத் தெரியும். உன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் முதல் மதிப்பெண் நீ. இங்கே வா, இதைப் படி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது என்பது மகளுக்குத் தெரியக்கூடாது என்று அப்போது நான் படாத பாடுபட்டுக்கொண்டிருந்தேன். உன் மதிப்பெண் அட்டை வந்தால் கண்ணாடி பணிமனையில் இருக்கிறது என்பேன். எனக்கு அப்போது கண்ணாடியே கிடையாது, அம்மாவுக்கு மட்டும்தான் அது தெரியும். அந்த வெட்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள ‘கம்பெனி பேரு’ என்று சொன்னேன். அந்த இரண்டு வார்த்தைக்கு நீ கொடுத்த விலையை இத்தனை வருடம் கழித்து அந்தப் பின்னறையில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் டீச்சரிடம் தாளைக் கொடுத்தேன். என் எழுத்து அழகாகிவிட்டது என்று முதலில் பாராட்டினார். பிறகு படித்துவிட்டு, “இந்தக் கோட்டுக்கு மேல தூக்காதீங்கன்னு போட்டிருக்கு ஐயா. எதுல இருந்துச்சு இது?” என்றார். ஒரு பழைய குழாயில் என்று சொன்னேன். “நல்லவேளை, படிச்சுப் பார்த்துட்டீங்க” என்றார். எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. சைக்கிள் கடைக்குப் போய்க் கழுத்தைக் காட்டினேன், கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இந்தக் கோடு வெளிய தெரிஞ்சா வண்டி ஓட்டுறவன் கைல ஹேண்டில் இல்லைன்னு அர்த்தம். எவன் இப்படித் தூக்கி வச்சான், கண்ணு தெரியாதவனா?” என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் பேச்சை மாற்றி, நீளமான கழுத்து ஒன்று தேடி எடுத்துக் கொடுத்தார். இப்போது வண்டியில் அதுதான் இருக்கிறது, கோடு ஒரு விரல் உள்ளே போய்விட்டது, ஒவ்வொரு நாளும் ஏறுவதற்கு முன்னால் தொட்டுப் பார்க்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தேநீர் டம்ளரை வைக்கும் சத்தத்திலேயே திட்டு இருந்தது. மூன்றாம் நாள் உன்னைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன் என்று நான் கருவியை எடுத்தபோது கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். “போன்ல சொல்லாதீங்க. அவ ‘பரவால்ல விடுங்கப்பா’ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுவா. நீங்களும் நிம்மதியா சாப்ட்டுத் தூங்கிடுவீங்க. இப்பத்தான் எழுதத் தெரியுமே, எழுதுங்க. ஒண்ணு விடாம எழுதுங்க. அவ எத்தனை தரம் வேணும்னாலும் எடுத்துப் படிக்கட்டும்” என்றாள். அம்மா சொல்வது சரிதான். போனமுறை நீ பேசியபோது நான் எப்படியிருக்கிறாய் என்று மட்டும் கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்தேனே, அது இதனால்தான், உன்மேல் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே.

எழுதத் தொடங்குவதற்கு முன்னால் இன்னொரு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. நீ மோதிய அந்தப் பெண் இப்போது இங்கே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். வகுப்பில் சேர்ந்தபோது என் கண்ணாடியே அவள் கடையில்தான் செய்தது. மரியாதையாகப் பேசினாள், எல்லாம் விசாரித்தாள், உன்னைப்பற்றி மட்டும் கேட்கவில்லை. உன் கல்யாணத்துக்கு நீ பத்திரிகை அனுப்பினாய், அவள் வரவில்லை, அதுவும் எனக்குத் தெரியும். பழைய கழுத்தைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு சைக்கிளில்தான் போனேன், கடை வாசலில் இரண்டு தரம் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். உள்ளே போனதும் கண்ணாடி தளர்ந்துவிட்டதா அங்கிள் என்று கையை நீட்டினாள். நான் கண்ணாடியைக் கொடுக்காமல் கழுத்தைக் கொடுத்தேன். உட்காரச் சொன்னாள், நான் நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று பயமாக இருந்தது. கம்பெனி பேரு என்று சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் அந்தப் பொடி எழுத்தைத் தன் கடை விளக்கில் பிடித்துப் படித்தாள். ஒருவர் கண்ணாடி வாங்க வந்தார், நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். கழுத்தை மேசைமேல் வைத்துவிட்டு, “நான் பாத்தேன் அங்கிள்” என்றாள். எனக்குப் புரியவில்லை. “அன்னிக்கு நான் திரும்பிப் பாத்தேன். அவ கை அந்தப் பக்கம் திருப்புது, சக்கரம் நேரா எம்மேல வருது. ஆஸ்பத்திரில கிடந்தப்ப யாரும் என்னக் கேக்கல. அப்புறம் அவளே பயந்து பிரேக்க அழுத்திட்டான்னு ஒத்துக்கிட்டதாச் சொன்னாங்க, அவங்க அப்பாவும் அப்படித்தான் சொன்னாருன்னாங்க. சரி, வலியில நாமதான் எதையோ பாத்துட்டோம்னு நெனச்சுக்கிட்டேன்” என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “உங்க ஒரு வார்த்தைக்காக நாங்க ரெண்டு பேரும் எங்க கண்ண நம்பல அங்கிள்” என்றாள். திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கிளம்பும்போது உன் விலாசம் கேட்டாள், எனக்கு மனப்பாடம், நானே எழுதிக்கொடுத்தேன். பிறகு வேண்டாம், உங்கள் கடிதத்தோடு இதையும் வையுங்கள் என்று ஒரு தாளில் ஏதோ எழுதி நாலாக மடித்துத் தந்தாள். உள்ளே வைத்திருக்கிறேன். நான் அதைப் படிக்கவில்லை. படிக்கத் தெரிந்த பிறகு ஒன்றைப் படிக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இந்த ஐந்து நாளாகத் தெரிகிறது.

மாஸ்டர் இறந்து ஆறு வருடம் ஆகிறது, அவரிடம் சொல்ல முடியாது. கிளப் இன்னும் இருக்கிறது. அந்த விசாரணைப் பதிவேடும் அலமாரியில் இருக்கிறதாம். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்தப் பக்கத்தோடு சேர்த்து ஒட்டுகிறோம் என்று இப்போதைய செயலாளர் சொன்னார். எழுதி வைத்திருக்கிறேன். நீ சரி என்று சொன்னால் கொடுப்பேன், வேண்டாம் என்றால் கொடுக்க மாட்டேன். அன்றைக்கு உன்னைக் கேட்காமல் உனக்காகப் பேசிவிட்டேன், மறுபடியும் அப்படிச் செய்யக்கூடாது.

உன் கையில் அன்றைக்கு ஒரு குற்றமும் இல்லை தும்பி. நீ சரியான நேரத்தில் சரியான பக்கம் திருப்பினாய். பதினாறு வயதில் அந்த வேகத்தில் அது பெரிய காரியம், எழுபத்தொரு வயதில் அதே நிலையில் மாட்டிக்கொண்டவன் சொல்கிறேன். கார் ஓட்டு என்று நான் சொல்லவில்லை. ஓட்டுவதும் ஓட்டாததும் உன் இஷ்டம், அதைச் சொல்லும் உரிமையை நான் என்றைக்கோ இழந்துவிட்டேன். பிடிக்கவில்லை என்றால் மாட்டேன் என்று சொல். ஒருத்தியை உடைத்த கை என்று மட்டும் சொல்லாதே, உடைத்தது வேறு கை, அது இந்தப் பேனாவைப் பிடித்திருக்கிறது.

பேத்திக்கு இருமல் என்று சொன்னாயே, வெந்நீர் கொடு, ஈரத்தலையோடு வெளியே விடாதே. நீயும் வேளைக்குச் சாப்பிடு, இது தையல்காரர் வைத்த லேஸ் இல்லை. அம்மாவுக்குக் கண்ணில் புரை என்கிறார்கள், அவசரம் இல்லை, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாமாம். மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மனசில் பாரம் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். அப்பாவும் அம்மாவும் தினமும் நினைப்பது அது ஒன்றுதான்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். அந்த ஹாலில் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு நீ பேச்சை மாற்றிச் சொன்னாயே, அப்பாவின் பேர் கெடக்கூடாது என்று வேண்டுமென்றே மாற்றிச் சொன்னாயா, இல்லை, அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று உன் கையையே சந்தேகப்பட்டுவிட்டாயா? இரண்டில் எது என்று எனக்குத் தெரிய வேண்டும். எதுவாக இருந்தாலும் எனக்கு அடிதான், ஆனால் எந்த அடி என்று தெரியாமல் இருப்பது தாங்கவில்லை. இதற்குத் தொலைபேசியில் பதில் சொல்லாதே. எழுது. வயதானவன், புதிதாகப் படிக்கிறவன் என்று பார்த்து மெத்தென்ற வார்த்தையாகப் பொறுக்கிப் போடாதே. கோபம் இருந்தால் கோபத்தையே எழுது, பத்துப் பக்கம் வந்தாலும் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி நானே படிப்பேன், யாரிடமும் கொடுக்க மாட்டேன். உன் பதில் வந்து சேர நாளாகும் என்று தெரியும். அதற்காக நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் போவதில்லை, வருகிற வாரம் இதே கிழமை மறுபடியும் எழுத உட்காருவேன், அதற்குள் எழுத்து இன்னும் கொஞ்சம் நேராகியிருக்கும்.

இப்படிக்கு,
உன் சொல்லை அன்றைக்கு நம்பாமல் போன,
இன்றைக்கு நம்புகிற,
உன் அப்பா